பல் வேருக்குள் லேசர் ஒளி



திருவண்ணாமலை கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரையும் சளைக்காமல் நடப்பவரைக்கூட ஒரு சொத்தைப் பல் இரவெல்லாம் தூங்கவிடாது. சொத்தை பல்லின் உள்ளே நரம்புள்ள கூழ் வரை இறங்கிவிட்டால், பல்லைப் பிடுங்காமல் காப்பாற்றும் வழி வேர் சிகிச்சை.

கெட்டுப்போன திசுவை அகற்றி, வேர்க்குழாயைச் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் கழுவுவார்கள். ஆனால் குழாயின் சுவரெங்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. அவற்றின் ஆழத்தில் என்டரோகாக்கஸ் ஃபீகாலிஸ் போன்ற கிருமிகள் பதுங்கினால், கரைசல் அங்கே முழுமையாக எட்டாது. அதனால் சிகிச்சை முடிந்து பல காலம் கழித்தும் வேர் நுனியில் சீழ் கட்டலாம்.

இங்கே லேசர் கைகொடுக்கிறது. சுமார் 200 மைக்ரான் தடிமனுள்ள ஒளியிழை வழியாகச் செல்லும் டயோடு லேசர், சுவரை ஊடுருவி வெப்பத்தால் கிருமிகளை அழிக்கிறது. எர்பியம் லேசரோ, கரைசலில் நுண்குமிழிகளை எழுப்பி அதை இடுக்குகளுக்குள் தள்ளுகிறது. 1960-ல் தியோடர் மெய்மன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். 1971-லேயே வேர் சிகிச்சையில் லேசரைப் பயன்படுத்தும் ஆய்வு வெளிவந்துவிட்டது.

ஆனால் லேசர் ஒரு துணைதான். கரைசலுக்கு மாற்று அல்ல. லேசர் இல்லாமலும் முறையாகச் செய்த வேர் சிகிச்சை நல்ல பலன் தரும்.

வலி தானாக அடங்கினால் நோய் தீர்ந்தது என்று எண்ணாதீர்கள். நரம்பு செத்தாலும் வலி நிற்கும்; தொற்று நிற்காது. தாமதிக்காமல் பல் மருத்துவரைப் பாருங்கள்.