மண்ணின் வரவு செலவு

பசளைக்குச் செலவு எவ்வளவு, விளைச்சலால் வரவு எவ்வளவு என்று கமக்காரர் எல்லோரும் கணக்குப் பார்க்கிறோம். மண்ணுக்கும் ஒரு வரவு செலவு உண்டு. அதை நாம் எண்ணிப் பார்ப்பது குறைவு.

அக்கணக்கை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் அமெரிக்காவின் ஸ்ரான்போட் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீற்றர் விற்றோசெக். தாம் பிறந்த ஹவாய்த் தீவுகளையே அவர் ஆய்வுக்களமாகக் கொண்டார். எரிமலைக் குழம்பு உறைந்து உருவான அங்கே சில நூறு ஆண்டு வயதான மண்ணும் உண்டு. நாற்பது இலட்சம் ஆண்டு வயதான மண்ணும் உண்டு. இளைய மண்ணில் மரங்களுக்கு நைதரசன் போதாது. மிகப் பழைய மண்ணில் பொசுபரசு போதாது. பாறை தந்தது நெடுங்கால மழையில் கரைந்துவிட்டது. எனவே எல்லா மண்ணுக்கும் ஒரே மருந்து இல்லை.

2009 இல் அவரும் பல நாட்டு அறிஞரும் சோளம் விளையும் மூன்று பிரதேசங்களின் நைதரசன் கணக்கை வெளியிட்டனர். மேற்குக் கென்யாவில் ஆண்டுக்கு ஒரு ஹெக்ரெயருக்கு இட்டது 7 கிலோ. அறுவடையோடு போனது 59 கிலோ. வட சீனாவில் கோதுமைக்கும் சோளத்துக்குமாக இட்டது 588 கிலோ. அறுவடையில் போனது 361 கிலோ. மிகுதி 227 கிலோ பயிருக்கு உதவாமல் நீரையும் காற்றையும் மாசாக்கும். அமெரிக்காவின் மத்திய மேற்கில் பசளையும் சோயா அவரையும் தந்தது 155 கிலோ. போனது 145 கிலோ. ஓரிடத்தில் நிலம் பட்டினி கிடக்கிறது. வேறோரிடத்தில் அதற்கு அசீரணம்.

எமது நாட்டிலும் இவ்விரண்டும் உண்டு. யாழ். வலிகாமத்தில் செறிவாகப் பயிரிடும் இடங்களில் கிணற்று நீரில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. மறுபுறம், 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியும் அப்பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அளவின்றி இடுவதும் தீங்கு. மாற்று வழியைத் தயார் செய்யாது ஒரே நாளில் நிறுத்துவதும் தீங்கு.

ஆகவே நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பசளை வாங்குமுன் மண்ணைப் பரிசோதிப்போம். வைக்கோலை எரிக்காமல் வயலுக்கே கொடுப்போம். எம் முன்னோர் தாட்ட பூவரசங்குழையையும், வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையையும் மறவாதிருப்போம். அவரையினப் பயிரை இடையிடையே விதைப்போம். இவற்றின் பின்னும் குறைவதை மட்டும் கடையில் வாங்குவோம்.

ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும்படி லேவியர் நூல் பணிக்கிறது. நிலம் எம்முடைய சொத்து மட்டுமன்று, பிள்ளைகளுக்காக எம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது அதற்கு நாம் செய்யவேண்டிய நீதி.