சவரக் கத்தியின் கூர்

குழந்தை பிறந்த ஏழாம் நாளில் தலைமுடி களைந்து, அதன் எடைக்கு வெள்ளியைத் தர்மம் செய்வது நம் இல்லங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அந்தப் பிஞ்சுத் தலையை ஒரு காலத்தில் தொட்டது, நாவிதர் தம் அடைப்பத்திலிருந்து எடுத்த மடக்குச் சவரக் கத்தியே. ஹெபடைடிஸ் பி, எய்ட்ஸ் ஆகியவை பற்றிய விழிப்புணர்வு பெருகி, ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளேடுகள் வந்தபின் அக்கத்திகள் ஒதுங்கின. பழைய தகரப் பெட்டிகளில் துருவேறிக் கிடப்பவற்றை இன்று சிலர் மீட்க முனைகின்றனர். பெரும்பாலும் அந்த முயற்சியிலேயே கத்தி அழிந்துவிடுகிறது.

அழிவது சாதாரண இரும்பன்று. கோவையைத் தழுவிச் செல்லும் நொய்யலின் கரையிலுள்ள கொடுமணலில், 1985 முதல் நடந்த அகழாய்வுகள் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்களை வெளிக்கொணர்ந்தன. இந்திய வாளை அரபுகள் 'முஹன்னத்' என்று போற்றினர். 9ஆம் நூற்றாண்டுப் பேரறிஞர் அல்-கிந்தி வாள்களுக்கென்றே ஒரு நூல் யாத்தார். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்றழைத்த தென்னிந்திய எஃகை இலண்டனில் ஆராய்ந்த ஃபாரடேயும் கத்தி வினைஞர் ஸ்டோடர்ட்டும் 1820இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். தாம் கண்ட கலவை எஃகாலான சவரக் கத்திகளை ஃபாரடே நண்பர்களுக்கு அன்பளிப்பாகவும் அளித்தார்.

மோட்டாருக்கும் பம்புக்கும் பெயர்பெற்ற கோவையில் சுழல் சாணை எளிதில் கிடைக்கிறது. ஆபத்தும் அதில்தான் உள்ளது. கத்தியின் வாய்ப்பகுதி மிக மெல்லியது. சாணையின் உராய்வில் நொடியில் சூடேறி நீலம் பாய்ந்துவிட்டால், எஃகின் பதம் போய்விட்டது என்பது பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிலைக்காது. மெருகேற்றும் சக்கரமோ, செய்தவரின் முத்திரையையும் தேய்த்துவிடும்.

ஆகவே கையால் செய்வதே முறை. துருவை மெல்லிய எண்ணெயில் ஊறவிட்டு, நுண்ணிய உப்புத்தாளால் நீளவாக்கில் தேய்த்தெடுக்க வேண்டும். வாயில் வெடிப்பு தென்பட்டால், அக்கத்தியைக் காட்சிப் பொருளாகவே வைத்துவிடுவது நலம்.

அடுத்து, நீர் தெளித்த தீட்டுக்கல்லில் கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரப் படியுமாறு கிடத்த வேண்டும். முதுகின் தடிமனே கோணத்தை நிர்ணயிக்கும். அது ஏறத்தாழ 16 முதல் 18 பாகை. முதுகைத் தூக்கினால் கணக்கு கெடும். வாய் முன்செல்ல, கத்தியின் எடையளவு அழுத்தமே போதுமானது. திருப்பும்போது முதுகின்மீதே புரட்ட வேண்டும். 1000 எண் கல்லில் தொடங்கி 4000, 8000 என நுண்மையை நோக்கிச் செல்வது மரபு. விளக்கொளியில் வாயைப் பார்த்தால், மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாய் மின்னும். அக்கோடு மறைந்தபின்னரே அடுத்த கல்லுக்குச் செல்லலாம்.

இறுதியில் தோல்வார். இங்கு திசை மாறும்: முதுகு முன்செல்ல, வாய் பின்தொடரும். மறந்து மாற்றி இழுத்தால் வாரும் அறுபடும், கூரும் போகும்.

கல் தின்ற எஃகு திரும்ப வராது. எனவே எவ்வளவு குறைவாகத் தேய்த்தோம் என்பதே மீட்பவரின் திறமைக்கு அளவுகோல். மீட்ட கத்தியும் ஒருவருக்கு மட்டுமே உரியதாக இருத்தல் வேண்டும். பலருக்குப் பொதுவாக்கினால் பழைய ஆபத்தே திரும்பும்.

அறுக்கும் முன் கத்தியை நன்கு தீட்டி, பிராணியின் வேதனையைக் குறையுங்கள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்தார்கள். எல்லாச் செயலிலும் இஹ்ஸான் வேண்டும் என்பதே அப்போதனையின் தொடக்கம். கூரிலும் கருணை உண்டு என்பதை நாம் அங்கே கற்கிறோம். மழுங்கிய கத்திதான் தோலைப் பிறாண்டிக் காயப்படுத்தும். செம்மையாய்த் தீட்டிய கத்தியோ வந்து போனதே தெரியாது.