முதுமையில் ஏடு தொடக்கல்



விசயதசமி நாளிலே குழந்தையின் விரலைப் பிடித்து அரிசியில் அகரம் எழுதுவிக்கின்றோம். அவ்விரல் எழுபது ஆண்டு உழைத்துக் காய்த்த விரலாயின் அதனைப் பிடிப்பவர் யார்? இதுவே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நம் நாட்டில் இலவசக் கல்வி 1945 ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக் கதவு திறந்தது. ஆயினும் வீட்டுக் கதவு எல்லாச் சிறுமியருக்கும் திறக்கவில்லை. தம்பிமாரைப் பராமரிக்கவென வீட்டில் நிறுத்தப்பட்டவர்களுள் என் அன்னையும் ஒருவர். பிறர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தவன் என நான் பெருமை கொண்டிருந்த காலத்திலே, காணி உறுதியொன்றில் அவர் பெருவிரல் அடையாளம் இட்டார். அருகில் நின்ற நான் தலைகுனிந்தேன். கற்பிக்க முனைந்தபோதோ, "எனக்கேன் மோனை இனிப் படிப்பு" என்று விலகிக்கொண்டார்.

நான் தோற்ற இடத்தில் என் மகள் வென்றாள். காரணம் எளிது. மகன் முன்னே பிழைவிட முதியோர் நாணுவர். பேர்த்தி முன்னே அந்த நாணம் இல்லை. அவளும் நாள்தோறும் பிழைவிட்டுத் திருந்தும் பருவத்தினள் அல்லவா?

முதியவருக்கு மொழி முன்னமே தெரியும்; அறியவேண்டியது ஒலிக்குரிய வடிவம் மாத்திரமே. தமிழில் 247 எழுத்துக்கள் என்று சொல்லி அவரை அச்சுறுத்தலாகாது. உயிர் 12, மெய் 18, இவற்றோடு சில குறியீடுகள் என்பது தெரிந்தால் மலைப்பு நீங்கும். ட, ப, ம போன்ற நேர்கோட்டு எழுத்துக்கள் நடுங்கும் கைக்கு இலகுவானவை. கொம்பு முன்னே எழுதப்பட்டுப் பின்னே ஒலிப்பதால், அதனைச் சற்றுப் பொறுத்தே கற்பித்தல் நன்று. எல்லாவற்றுக்கும் முன் கண்ணைச் சோதித்து, வேண்டின் மூக்குக்கண்ணாடி பெற்றுக்கொடுத்தல் வேண்டும். மங்கலான பார்வையை மந்தபுத்தி எனக் கொள்ளல் பெரும் பிழை.

என் மகள் அரிவரிப் புத்தகத்தை நாடவில்லை. பாட்டி சொன்ன கதையைப் பெரிய எழுத்தில் எழுதி அவரிடமே கொடுத்தாள். தம் வாயிற் பிறந்த சொல்லாதலின், அடுத்து வருவது இன்னதென அவர் உய்த்துணர்ந்து வாசித்தார்.

இதற்கு வயதெல்லை உண்டோ? கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா, 2018 ஆம் ஆண்டில் தமது 96 ஆவது வயதில் எழுத்தறிவுத் தேர்வெழுதி 100க்கு 98 புள்ளிகள் பெற்றார். அறுபதை எட்டிய பின் பத்தாம் வகுப்புக்கு ஒப்பான தேர்விலே தேறிய மகள் அவருக்கு ஊக்கமளித்தார். பூட்டப்பிள்ளைகள் பாடஞ் சொல்லிக்கொடுத்தனர். அம்மூதாட்டி 2023 இல் மறைந்தார்.

என் தந்தையார் கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்களை அயலவர் வாசிக்கக் கேட்டவர் என் அன்னை. எழுத்தறிந்தபின் பெட்டியைத் திறந்து, அவற்றைத் தாமே ஒவ்வொன்றாக வாசித்தார். எல்லாவற்றிலும் பணமும் சுகசெய்தியுமே இருந்தன. "மற்றவை வாசிப்பினம் எண்டு தெரிஞ்செல்லோ எழுதியிருக்கிறார்" என்றார். கல்லாமை இருவருக்கிடையே எதனை மறித்து நின்றதென்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

நேயர்களே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். பிள்ளையை அவரருகே அமர்த்துங்கள். நாளுக்கு அரைமணி நேரம் போதும்.