பிடித்த கை ஏன் விடுவதில்லை?

ஆலங்குடிப் பக்கம் கீரமங்கலத்தில் பூக் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறீர்களா? பேச்சு ஒரு பக்கம் நடக்கும். விரல்கள் தம் வேலையைப் பார்க்கும். இடக்கை விரல்கள் பூக்களைப் பிடித்திருக்க, வலக்கை விரல்கள் நாரைச் சுற்றி முடிச்சிட்டு இழுக்கும். ஒவ்வொரு விரலும் தனித்தனியே அசைந்தால்தான் இது நடக்கும்.

அப்படிப் பூக் கட்டிய பாட்டி ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். சில மாதங்களில் கை சற்றுத் தேறுகிறது. பேத்தியின் கையைப் பற்றுகிறார். ஆனால் விட முடியவில்லை! ஒரு பூவை எடுக்கப் போனால் ஐந்து விரல்களும் சேர்ந்து மடங்குகின்றன. 'கை விளங்காமல் போச்சு' என்கிறார்கள். அது சரியன்று. பழுது கையில் இல்லை.

உங்கள் வலக்கைக் கட்டைவிரலால் மற்ற விரல்நுனிகளை ஒவ்வொன்றாகத் தொடுங்கள். கட்டளை பிறந்தது மூளையின் இடப்பக்க மேற்பரப்பில். அங்கிருந்து சுமார் 10 இலட்சம் நரம்பு இழைகள் கீழிறங்கி, மூளையின் ஆழத்தில் ஒரு குறுகிய இடுக்கில் நெருங்கிச் செல்கின்றன. பிறகு முகுளத்தில் பெரும்பாலானவை மறுபக்கம் மாறித் தண்டுவடத்தை அடைகின்றன. அந்த இடுக்கில் ஒரு சிறு இரத்தக்குழாய் அடைபட்டாலே போதும், பாதிப்பு பெரிது. மின்கலமும் பல்பும் நன்றாயிருக்க, கம்பி அறுந்த கதைதான்.

அப்படியானால் பிடிக்க மட்டும் எப்படி முடிகிறது? மூளைத்தண்டிலிருந்து வரும் வேறொரு பழைய நரம்புப் பாதை உதவிக்கு வருகிறது. ஆனால் அது பல தசைகளை ஒன்றாக இயக்குவது. ஒரே சுவிட்சில் தெருவிளக்கெல்லாம் எரிவதுபோல. தேறும்போது மடக்கும் தசைகளே அதனால் அதிகம் வலுப்பெறுகின்றன. 1968-இல் லாரன்ஸ், கைப்பர்ஸ் இருவரும் குரங்குகளில் முதற்பாதையை மட்டும் அறுத்துச் சோதித்தார்கள். குரங்குகள் ஏறின, ஓடின, உணவைப் பற்றின. விரல்களைத் தனித்தனியே அசைக்க முடியவில்லை. பற்றியதை விடவும் திணறின.

வாய் கோணினாலோ, ஒரு கை திடீரென்று தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 108-ஐ அழையுங்கள். அடைப்பினால் வந்ததென்று ஸ்கேனில் தெரிந்தால், கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். பிறகு பொறுமையான பயிற்சி. பந்தைப் பிசைவது மட்டுமல்ல, விரலை விரிப்பதும்.

பாட்டி உங்கள் கையை விடாமல் பிடித்திருந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். அவர் மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்குங்கள். புறங்கைத் தசைநாண்கள் இழுபட, விரல்கள் தளரும். உங்கள் கையிலேயே இப்போது செய்து பாருங்களேன்.