திரை காட்டும் 13 விழுக்காடு

எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சென்னைப் பக்கம் வந்தால் கும்மிடிப்பூண்டி சிப்காட். இந்தப் பகுதியில் டை வெட்டுகிறவர்களுக்கும், டைக்கு ஆர்டர் கொடுக்கிறவர்களுக்கும் இந்தக் குறிப்பு.

எக்ஸ்ட்ரூடரின் டை வாய் 20 மி.மீ. இருந்தால், அதிலிருந்து வரும் உருகிய பிளாஸ்டிக் அதைவிடப் பருத்துத்தான் வரும். இதுதான் டை ஸ்வெல். காரல் பாரஸ் 1893-லேயே இதை எழுதிவைத்தார். எவ்வளவு பருக்கும் என்பதை இன்று மென்பொருளே சொல்லிவிடுகிறது. அந்த எண்ணை அப்படியே நம்பி எஃகை வெட்டுவதில்தான் ஆபத்து.

தேன் போன்ற சாதாரணப் பாகுத் திரவம் வட்ட டையிலிருந்து மெதுவாக வந்தால் சுமார் 13 விழுக்காடு பருக்கும். நீண்ட பிளவு டையில் சுமார் 19. 1974-இல் நிக்கல், டானர், காஸ்வெல் மூவரும் ஃபைனைட் எலிமெண்ட் முறையில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஆனால் பாலிஎத்திலீன் தேன் அல்ல. டைக்குள் நெருக்கி இழுக்கப்பட்ட அதன் நீண்ட சங்கிலிகள் வெளியே வந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கப் பார்க்கும். இழுத்துப் பிடிக்காமல் விட்டால் 20 மி.மீ. வாயிலிருந்து 30 மி.மீ., அதற்கு மேலும் வரலாம்.

பாகுத்தன்மையை மட்டும் அறிந்த மென்பொருளுக்குச் சங்கிலிகளின் இந்த நினைவு தெரியாது. வேகம் கூடினால் பாகு இளகும் என்ற விவரத்தையும் அதற்குக் கொடுத்தால் விடை 13-க்கும் கீழே இறங்கும். தரவைத் திருத்தியிருக்கிறோம், கணக்கு உண்மையை விட்டு இன்னும் விலகியிருக்கிறது. ரெசினின் தரவுத்தாளும் கைகொடுக்காது. 190 டிகிரியில், 2.16 கிலோ எடையில் எடுக்கும் எம்.எஃப்.ஐ. (உருகு ஓட்டக் குறியீடு) ஒரே ஒரு எண். அது ஒன்றாக இருக்கும் இரண்டு ரெசின்கள் வெவ்வேறு அளவு பருக்கலாம்.

மீள்தன்மையைச் சேர்த்தால் வேறு தொல்லை. டை உதட்டின் விளிம்பில் தகைவு கோட்பாட்டளவில் எல்லையற்றது. கணக்குக்காகப் பிரிக்கும் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அந்த எண் ஏறிக்கொண்டே போகும். உற்பத்தி வேகத்தில் கணக்கு பல நேரம் பாதியிலேயே நின்றுவிடும். ஓடவைப்பதற்காக, நினைவு மறைய ஆகும் ரிலாக்சேஷன் நேரத்தைக் குறைப்பவர்கள் உண்டு. கணக்கு ஓடும், கண்டுபிடிக்க வந்த பருமன் அதிலிருந்து போயிருக்கும்.

பைப் போடுகிறவருக்கு இது அவ்வளவு உறைக்காது. வேக்குவம் டேங்க் வெளிவிட்டத்தைப் பிடித்துவிடும். கேன் ஊதுகிறவருக்கு உறைக்கும். அந்தரத்தில் தொங்கும் பாரிசன் குழாய் அளவுக்கு மேல் பருத்தால் எடை கூடும். எதிர்பார்த்த அளவு பருக்காவிட்டால் மூலை மெலியும். மத்திய அரசின் 2022 பிளாஸ்டிக் கழிவு நெறிமுறை, கெட்டிப் பிளாஸ்டிக் பேக்கிங்கில் 2025-26 முதல் 30 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் என்று இலக்கு வைத்தது. மறுசுழற்சிக் குருணை லாட்டுக்கு லாட் மாறும், பருமனும் மாறும்.

ஆகவே கணக்குக் கொண்டுவருபவரிடம் மூன்று கேள்வி போதும்: எந்த மாடல், இரண்டு மெஷ்ஷில் ஓட்டினாயா, இதே லாட்டைக் கேப்பிலரி ரியோமீட்டரில் உன் உற்பத்தி வேகத்தில் பார்த்தாயா.

பதில் வரும்வரை வாயைச் சிறிதாகவே வெட்டச் சொல்லுங்கள். பருமனைக் குறைத்து மதிப்பிட்டால் டை பெரிதாகிப்போகும். சிறிய வாயை அரைத்துப் பெரிதாக்கலாம். பெரிதாக வெட்டிய புரொஃபைல் டையை மறுபடி சிறிதாக்க வழியில்லை, புது பிளாக்தான் எடுக்க வேண்டும்.