மின்னேற்றத்துக்குத் துறைமுகம் உண்டோ?

திருகோணமலை உட்டுறைமுகம் குன்றுகள் சூழ அமைந்தது. வாடை வீசினும் கச்சான் வீசினும் ஆங்கு நங்கூரமிட்ட கலம் அமைதியாய்க் கிடக்கும். இச்சிறப்பு நோக்கியே ஐரோப்பியர் அதன்பொருட்டுப் போரிட்டனர். 1782 ஆம் ஆண்டில் பிரான்சியக் கடற்படைத் தலைவர் சுவ்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றினார். மூன்றாண்டுகளின் பின், 1785 இல், அந்நாட்டுப் படைப்பொறியியலாளரான கூலோம் முறுக்குத் தராசினால் மின்விசையை அளந்து அதன் விதியை வெளியிட்டார். விசை, ஏற்றங்களின் பெருக்கத்துக்கு நேர்விகிதமாகவும் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறு விகிதமாகவும் இருக்கும் என்பதே அவ்விதி.

நாற்புறமும் காப்புடைய துறைமுகம் மின்னேற்றத்துக்கும் வாய்க்குமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

4 அலகும் 1 அலகுமான இரு நேரேற்றங்கள் 30 செ.மீ. இடைவெளியில் நிலைநிறுத்தப்பட்டுள்ளன என்க. பெரியதிலிருந்து 20 செ.மீ. தொலைவில், சிறியதிலிருந்து 10 செ.மீ. தொலைவில் உள்ள புள்ளியில் 4/400 உம் 1/100 உம் சமமாகும். விசைகள் எதிரெதிராதலின் அதுவே நடுநிலைப் புள்ளி. சிறிய ஏற்றம் மறையேற்றமாயின், இடையில் இரு விசைகளும் ஒரே திசையில் அமையும். ஆதலின் சமநிலை ஆங்கில்லை. நேர்கோட்டில் சிறியதற்கு அப்பால் 30 செ.மீ. தொலைவிலேயே, 4/3600 உம் 1/900 உம் சமமாகி, அது தோன்றும்.

மாணாக்கர் பலர் இவ்வளவில் அமைவர். ஆயின் சமநிலை வேறு, உறுதி வேறு. முதற்கூறிய நடுநிலைப் புள்ளியில் ஒரு சிறு நேரேற்றத்தை வைப்போம். கோட்டின் வழியே சற்று நகர்த்தினால், அணுகப்பட்ட ஏற்றத்தின் விலக்கம் மிகுந்து அதனை மீட்கும். பக்கவாட்டில் நகர்த்தினாலோ இரு விசைகளும் கூடி அதனை வெளியே தள்ளிவிடும். மறையேற்றம் வைப்பின் பக்கவாட்டில் மீளும். கோட்டின் வழியே ஓடிப்போகும்.

எத்தனை ஏற்றங்களைச் சூழ வைத்தாலும் இக்குறை நீங்காது என்பதை ஆங்கிலேய அறிஞர் ஏர்ன்ஷோ 1842 இல் வெளியான கட்டுரையில் நிறுவினார். எத்திசையினின்றும் ஏற்றம் மீளவேண்டுமாயின், விசைக்கோடுகள் யாவும் வெற்றிடத்து ஒரு புள்ளியில் குவிதல் வேண்டும். விசைக்கோடுகளோ ஏற்றங்களிலன்றி முடிவதில்லை. எனவே நிலையான ஏற்றங்களால் மட்டும் அத்துறைமுகத்தைக் கட்டல் இயலாது.

விரைந்து மாறும் மின்புலத்தாலோ அயன்களைச் சிறைப்படுத்தலாம். அம்முறையை வகுத்த செருமானியர் வூல்ப்காங் பவுல் 1989 இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றார். ஆதலின் நடுநிலைப் புள்ளியைக் கண்டபின், ஆண்டு வைத்த ஏற்றம் ஒவ்வொரு திசையிலும் மீளுமோ என வினவுதலே கணக்கின் நிறைவாகும்.