குளிரிலும் வெயில் சுடும்!

நேயர்களே, திரிங்காப்பில்தான் குளிர்கிறதே, வெயில் என்ன செய்துவிடும் என்று பலர் எண்ணுகிறார்கள். 1,000 மீட்டர் உயரம் கூடினால் புற ஊதாக் கதிர் சுமார் 10 விழுக்காடு கூடுகிறது. தேயிலை, காய்கறித் தோட்டங்களில் நாள் முழுதும் நிற்பவர்களின் தோல் கறுத்து, நாளடைவில் சுருங்குகிறது.

கேமரன் மலையில் விளையும் தக்காளியின் செந்நிறச் சத்தான லைகோபீன் ஓரளவு காப்புத் தரும். 2001இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், தினமும் 40 கிராம் தக்காளி விழுதை ஆலிவ் எண்ணெயுடன் உண்டவர்களுக்கு, 10 வாரத்தில், உண்ணாதவர்களைவிட 40 விழுக்காடு குறைவாகவே தோல் சிவந்தது. 4 வாரத்தில் பலன் தெரியவில்லை, பொறுமை வேண்டும்.

லைகோபீன் கொழுப்பில் கரைவது. ஆகவே மாலைத் தேநீருக்கு, எண்ணெயில் வதக்கிய தக்காளித் தொக்கை ரொட்டியில் தடவி உண்ணுங்கள். ஆனால் தொப்பியையும் முழுக்கைச் சட்டையையும் விட்டுவிடாதீர்கள். உணவு அவற்றுக்குத் துணைதான், மாற்று அல்ல.